விளையாட்டிலே பின்தங்கும் கிராபிக்ஸ் அட்டை

கணினியில் விளையாட்டுக்களை ஆடுவோர் வாங்கும் பொருள்களுள் பெரும்பாலும் விலை மிக்கது கிராபிக்ஸ் அட்டையே. இலங்கைக் கடைகளில் அதற்கு வழங்கும் பெயர் 'வீஜீஏ காட்' என்பது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்துக்கும் மே மாதத்துக்கும் இடையில் டொலர் ஒன்றின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவை எட்டியபோது, முன்னரே எட்டாதிருந்த இப்பொருள் பல குடும்பங்களுக்குக் கனவாகவே போயிற்று. அவ்வாறிருந்தும், மாதக் கணக்கிற் காசு சேர்த்தோ, வெளிநாட்டிலுள்ள உறவினரைக் கேட்டோ, பழையதொன்றைப் பேரம் பேசியோ இளைஞர் சிலர் அதனை வாங்கத்தான் செய்கின்றனர். வாங்கிய அட்டையைப் பொருத்தி விளையாட்டைத் தொடங்கினால், படம் தடக்கித் தடக்கி ஓடுகின்றது. அயல்வீட்டில் அதே அட்டை இருமடங்கு வேகமாய் ஓடுகின்றதாம். அவ்வேளையில் உடையவருக்கு இரண்டு எண்ணங்களே தோன்றும்: ஒன்று, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்பது, மற்றையது, இதனை விற்றுவிட்டு இன்னும் பெரிய அட்டையொன்றை வாங்கவேண்டும் என்பது. இரண்டும் அட்டையே குற்றவாளி என்று விசாரணைக்கு முன்னரே தீர்ப்பளிக்கும் எண்ணங்கள். இவ்வகை முறைப்பாடுகளுள் கணிசமானவற்றில் அட்டையிற் பழுது ஏதும் இல்லை; பழுது வேறோர் இடத்தில் இருக்கின்றது. அந்த இடத்தைக் காணும் வழியே இப்பேச்சின் பொருள்.

முதலில் அட்டையின் தொழில் யாது என்பதை அறிதல் வேண்டும். திரையில் ஓடும் விளையாட்டு, சினிமாப் படத்தைப் போன்று, ஒன்றன்பின் ஒன்றாக வரும் தனித்தனிப் படங்களால் ஆயது. ஒவ்வொரு படத்தையும் பிரேம் என்பர். ஒரு செக்கனில் 60 பிரேம் வரவேண்டுமாயின், ஒவ்வொன்றையும் ஆயத்தஞ் செய்யக் கிடைக்கும் காலம் 16.7 மில்லிசெக்கன் மாத்திரமே. 144 பிரேம் வேண்டுமாயின் அக்காலம் 6.9 மில்லிசெக்கனாகச் சுருங்கிவிடும். இந்த வேலையை அட்டை தனியே செய்வதில்லை. எதிரி எங்கே நிற்கின்றான், வாகனம் எத்திசையில் திரும்புகின்றது, எவ்வெப் பொருள்களை வரையவேண்டும் என்பவற்றையெல்லாம் கணக்கிட்டுக் கட்டளை கொடுப்பது புரொசசர். கட்டளையைப் பெற்று வரைந்து நிறந்தீட்டுவது அட்டை. வரைந்ததைக் காட்டுவது மொனிற்றர். இம்மூவரில் எவர் மெதுவானவரோ, அவருடைய வேகமே முழு விளையாட்டின் வேகமாகும். கட்டளை வராமற் கைகட்டிக் காத்திருக்கும் அட்டையைச் சோம்பேறி என்று ஏசுவது நீதியன்று.

ஆகவே முதல் வேலை அளத்தல். கண்ணால் மதிப்பிட்டு 'மெதுவாக இருக்கின்றது' என்று சொல்வதால் ஒன்றும் விளங்காது. இதற்கெனப் பணஞ் செலவிடவும் வேண்டியதில்லை. எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பேர்னர் என்னும் இலவச மென்பொருள், விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையின் மூலையில் எண்களைக் காட்டும். அட்டை எந்த நிறுவனத்தினுடையதாயினும் அது பெரும்பாலும் வேலை செய்யும். பார்க்கவேண்டிய எண்கள் நான்கு: அட்டையின் பயன்பாட்டு வீதம், அதன் கடிகார வேகம், வெப்பநிலை, அது உண்ணும் மின்வலு.

பயன்பாட்டு வீதம் 97, 98, 99 என்று நின்றால், அட்டை தன்னால் இயன்ற அளவு உழைக்கின்றது என்பது பொருள். 50, 60 என்று தங்கி நின்றால் அது எதற்கோ காத்திருக்கின்றது. இந்த அளவோடு பலர் நின்றுவிடுகின்றனர். மூன்றாவது நிலையொன்றும் உண்டு. அதுவே பலரை ஏமாற்றுவது. பயன்பாடு 99 என்று காட்டும், ஆனாற் கடிகார வேகம் உரிய அளவிலிருந்து வெகுவாகத் தாழ்ந்திருக்கும். காலில் விலங்கிட்டவன் தன் முழுப் பலத்தோடும் ஓடுவதைப் போன்றது அது. முயற்சி நூற்றுக்கு நூறு, கடந்த தூரமோ பாதி. ஆகையால் பயன்பாட்டு வீதத்தையும் கடிகார வேகத்தையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும்.

அட்டை காத்திருக்கும் நிலையை முதலிலே கவனிக்கலாம். அதன் காரணங்களுட் சில வெட்கப்படத்தக்க அளவு எளியவை. கணினிப் பெட்டியின் பின்புறத்தில் மொனிற்றரின் கேபிளைச் செருகுவதற்குப் பெரும்பாலும் இரண்டு இடங்கள் உள. மேலே மதர்போட்டுக்கு உரியது ஒன்று. கீழே கிடையாக நீண்டிருக்கும் அட்டைக்கு உரியது மற்றொன்று. புதிய அட்டையை உள்ளே பொருத்திவிட்டு, கேபிளை மட்டும் பழைய பழக்கத்தால் மேலேயுள்ள துவாரத்திற் செருகிவிடுவோர் பலர். படம் வருகின்றது, ஆதலால் ஐயமும் எழுவதில்லை. ஆனால் அந்தப் படத்தை வரைவது புரொசசருக்குள் ஒட்டியிருக்கும் சிறிய வரைகலைப் பகுதியாக இருக்கலாம். இலட்ச ரூபா அட்டையோ பக்கத்தில் உறங்கிக்கொண்டிருக்கும். பெரிய பரிசோதனைகளில் இறங்குமுன் கணினியைத் திருப்பி இந்த ஒன்றைப் பார்த்துக்கொள்வது நல்லது.

மடிக்கணினியில் இதே கோளாறு வேறு வேடத்தில் வரும். அங்கே சிறு வரைகலைப் பகுதியும் பெரியதும் அருகருகே இருக்க, எந்த விளையாட்டுக்கு எதனைப் பயன்படுத்துவது என்பதை விண்டோஸ் தீர்மானிக்கின்றது. அத்தீர்மானம் சில வேளை பிழைத்துவிடும். வரைகலை அமைப்புப் பக்கத்திற் குறித்த விளையாட்டைத் தேர்ந்து 'உயர் செயற்றிறன்' என்று குறித்தல் வேண்டும். மின்னிணைப்பின்றி பற்றரியில் ஓடும்போது வேகம் குறைவது பழுதன்று, அவ்வாறே அமைத்திருக்கின்றனர். மடிக்கணினி வாங்குவோர் இன்னொன்றையும் அறிந்திருத்தல் நலம். ஒரே பெயருடைய சிப்பு வெவ்வேறு மடிக்கணினிகளில் வெவ்வேறு மின்வலுவைப் பெறும். என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 3060 மடிக்கணினிச் சிப்புக்கு உரிய எல்லை 60 உவாற்றிலிருந்து 115 உவாற்று வரை. மெல்லிய உடலுடைய கணினி 60ஐக் கொடுத்தால், தடித்த உடலுடைய கணினியோடு அது போட்டியிட இயலாது. பெயர் ஒன்றாயிருப்பதைக் கண்டு மனம் வருந்துவோர் பெட்டியில் எழுதியுள்ள உவாற்றையும் படித்தல் வேண்டும்.

மொனிற்றரும் ஒருவகையில் வேகத்தைத் தடுக்கும். 144 ஹேட்ஸ் மொனிற்றரை வாங்கியவர் பலர், விண்டோஸில் அது 60 ஹேட்ஸ் என்றே அமைந்திருப்பதை அறியாமல் மாதக்கணக்கில் ஆடுகின்றனர். விளையாட்டின் உள்ளேயும் 'வீ-சிங்' என்னும் கட்டுப்பாடோ, பிரேம் எல்லையோ இடப்பட்டிருக்கலாம். எண் 60இல் அல்லது 30இல் ஆணி அடித்தாற்போல நிற்குமாயின், அங்கே பழுதைத் தேடுவதிலும் கட்டளையைத் தேடுவதே புத்தி. இயற்கையான மந்தம் ஏறியிறங்கும்; இடப்பட்ட வரம்பு அசையாது.

இவை யாவும் சரியாக இருந்தும் அட்டை காத்திருக்கின்றதெனில், ஐயம் புரொசசர் மீது செல்லும். அதை நிச்சயிக்க எளியதொரு சோதனை உண்டு. விளையாட்டில் ஒரே இடத்தில் நின்றுகொண்டு, படத்தின் அளவை 1920க்கு 1080 என்பதிலிருந்து 1280க்கு 720 ஆகக் குறைத்துப் பார்த்தல் வேண்டும். வரையவேண்டிய புள்ளிகளின் தொகை பாதிக்கும் கீழே போய்விடுகின்றது. அட்டையின் சுமை அந்த அளவுக்கு இறங்குகின்றது. பிரேம் எண் விரைந்து உயர்ந்தால், முன்னர் தடையாக இருந்தது அட்டை. ஒரு சிறிதும் உயரவில்லையெனில், தடை புரொசசரில் அல்லது அதற்கு உணவூட்டும் றாமில் இருக்கின்றது. இங்கே புதிய அட்டை வாங்குவது கிணற்றிலே காசைப் போடுவதற்கு ஒப்பு. புரொசசரின் மொத்தப் பயன்பாடு 30 வீதம் என்று காட்டுகின்றதே என்று சிலர் வாதிப்பர். எட்டுக் கருக்களையுடைய புரொசசரில் ஒரே ஒரு கரு மூச்சுத் திணறிக்கொண்டிருக்க, மற்றையவை ஓய்வில் இருந்தாலும் மொத்தக் கணக்கு அவ்வாறு குறைவாகத்தான் காட்டும். பல விளையாட்டுக்கள் பெருஞ்சுமையை ஒரு கருவின் தலையிலேயே ஏற்றுகின்றன.

றாமைப் பற்றி இரண்டு செய்திகள். முதலாவது, 16 கிகாபைட் வேண்டுமென்று ஒரே துண்டாக வாங்கியிருந்தால், இரண்டு பாதைகளில் ஒன்றுதான் பயன்படுகின்றது; எட்டும் எட்டுமாக இரண்டு துண்டுகளை உரிய துவாரங்களில் இட்டால் இரு பாதைகளும் திறக்கும். இரண்டாவது, பெட்டியில் 3200 என்று எழுதியிருக்கும் டீ.டீ.ஆர்.4 றாம், பொருத்தியவுடன் பெரும்பாலும் 2133 அல்லது 2400 என்ற வேகத்திலேயே ஓடும். எழுதிய வேகத்தைப் பெற மதர்போட்டின் பயோஸ் பக்கத்தில் எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பைத் திறக்கவேண்டும். காசு கொடுத்து வாங்கிய வேகம் பூட்டிக் கிடப்பதை அறியாதோர் தொகை சிறிதன்று.

அட்டை அமரும் துவாரமும் கவனத்துக்குரியது. நீண்ட துவாரங்கள் இரண்டு மூன்று இருப்பினும் எல்லாம் சமமல்ல. மேலுள்ளது 16 பாதைகளையுடையதாயின், கீழுள்ளது தோற்றத்தில் அவ்வாறே இருந்தும் நான்கு பாதைகளை மாத்திரம் உடையதாக இருக்கலாம். ஜீ.பி.யூ.-இசட் என்னும் சிறு மென்பொருள் இதனைக் காட்டும். ஆனால் அட்டை ஓய்விலிருக்கும்போது மின்சாரத்தை மீதப்படுத்தத் தன் இணைப்பின் வேகத்தைத் தானே தாழ்த்திக்கொள்ளும். அப்போது பார்த்துவிட்டுப் பதறுதல் கூடாது. அட்டைக்குச் சுமை கொடுத்துவிட்டே பார்க்கவேண்டும். அம்மென்பொருளிலேயே அதற்கொரு பொத்தானும் உண்டு. 2022ஆம் ஆண்டு ஜனவரியில் ஏ.எம்.டி. நிறுவனம் வெளியிட்ட ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. அட்டைக்குப் பிறப்பிலேயே நான்கு பாதைகள்தாம். நான்காந் தலைமுறை மதர்போட்டில் அது ஒருவாறு சமாளித்தது. மூன்றாந் தலைமுறைப் பழைய மதர்போட்டில் ஒவ்வொரு பாதையின் கொள்ளளவும் பாதியாகிவிடவே, சில விளையாட்டுக்களில் அதன் வேகம் வெகுவாக வீழ்ந்தது. மலிவான அட்டையைப் பழைய கணினிக்கென்றே வாங்குவோர் பலர். அவர்களுக்கே அக்குறை மிகுதியாய் உறுத்தியது என்பது இதிலுள்ள கொடுமை.

அட்டையிலுள்ள நினைவகம் நிரம்பிவிட்டாலும் இதே துன்பம் நேரும். உள்ளே இடமில்லாத படத்துண்டுகளை அட்டை கணினியின் றாமிலிருந்து தூரப் பாதையால் எடுத்துவர நேரும். அப்போது சராசரி எண் நன்றாக இருக்கும். ஆனால் திரும்பும் போதெல்லாம் படம் ஒரு கணம் உறைந்து பின் பாயும். சராசரியில் செக்கனுக்கு 60 பிரேம் வந்தாலும், இடையில் ஒன்று 100 மில்லிசெக்கன் தாமதித்தால் ஆடுபவர் கண்ணுக்குத் தெரிவது அந்தத் தாமதமே. படத்துண்டுகளின் தரத்தை விளையாட்டின் அமைப்பில் ஒரு படி இறக்கினால் இது தீர்வதுண்டு. இவ்விடயத்தில் வரலாற்றுப் புகழ் பெற்றது என்விடியாவின் ஜீ.டி.எக்ஸ். 970. 2014 செப்டெம்பரில் வந்த அவ்வட்டையின் நினைவகம் 4 கிகாபைட். ஆனால் அதில் இறுதி அரைக் கிகாபைட் மற்றையதைக் காட்டிலும் மிக மெதுவாக இயங்குவதைப் பாவனையாளர்கள் தாமே அளந்து கண்டனர். 2015 ஜனவரியில் நிறுவனம் அதன் உள்ளமைப்பை விளக்கவேண்டியதாயிற்று. 2016இல் அமெரிக்காவில் நடந்த வழக்கு, அட்டை ஒன்றுக்கு 30 டொலர் கொடுப்பதாக இணக்கத்தில் முடிந்தது. சாதாரண பாவனையாளர் எண்களைக் கையில் வைத்திருந்தமையால் வந்த பலன் அது.

இனி, விலங்கிட்டு ஓடும் மூன்றாவது நிலை. இதன் காரணங்களுள் முதன்மையானது வெப்பம். ஒவ்வொரு அட்டைக்கும் அதன் நிறுவனம் ஒரு வெப்ப எல்லையை வகுத்திருக்கின்றது. அவ்வெல்லையை அண்மித்ததும் அட்டை தன்னைக் காத்துக்கொள்ளத் தன் கடிகார வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விளையாட்டின் முதற் பத்து நிமிடம் நன்றாக ஓடி, அப்பால் மெல்ல மெல்ல வேகம் குன்றுமாயின் வெப்பத்தை ஐயுறுவதே முறை. குளிர்நாடுகளில் 20 பாகை அறையில் அளந்து எழுதிய விமர்சனத்தைப் படித்துவிட்டு, கொழும்பிலோ மட்டக்களப்பிலோ 31 பாகை அறையில் அதே எண்ணை எதிர்பார்த்தல் ஆகாது. அறை பத்துப் பாகை கூடினால் அட்டையும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு ஆடிப் பார்ப்பது நல்ல சோதனை. வெப்பம் சட்டென்று இறங்கினால் குற்றம் அட்டையினதன்று, காற்றோட்டத்தினது. தூசி படிந்த மின்விசிறியைத் துடைப்பதற்குக் கடைக்குப் போகவேண்டியதுமில்லை. ஊதித் துடைக்கும்போது விசிறி சுழலாதபடி விரலாற் பிடித்துக்கொள்ளுதல் அவசியம்.

வெப்பத்தை அளக்கும்போது ஓர் எண்ணைப் பார்த்து அமைதியடைந்துவிடுதல் கூடாது. அட்டைகள் பலவற்றில் சராசரி வெப்பநிலை ஒன்றும், சிப்பின் மிகச் சூடான புள்ளியின் வெப்பநிலை மற்றொன்றுமாக இரு எண்கள் உள. இரண்டுக்கும் இடையே 15, 20 பாகை வேறுபாடு இயல்பு. அது 40 பாகையாக விரிந்தால், சிப்பிலிருந்து உலோகத்துக்கு வெப்பம் செவ்வனே செல்லவில்லை என்பது அதன் பொருள்.

இதற்கு ஓர் உண்மைச் சான்று உண்டு. 2022 டிசெம்பர் 13ஆம் திகதி ஏ.எம்.டி. நிறுவனம் ஆர்.எக்ஸ். 7900 எக்ஸ்.டி.எக்ஸ். என்னும் தன் தலையாய அட்டையை 999 டொலர் விலையில் வெளியிட்டது. சில நாட்களுக்குள், நிறுவனம் தானே வடிவமைத்த மாதிரியை வாங்கியோர் சிலரிடமிருந்து முறைப்பாடுகள் எழுந்தன. சூடான புள்ளி 110 பாகையைத் தொடுகின்றது, விசிறி இரைகின்றது, வேகம் குன்றுகின்றது. சராசரி வெப்பநிலையோ அஞ்சத்தக்கதாய் இல்லை. பசை சரியாகப் பூசவில்லை என்றும் திருகாணி இறுகவில்லை என்றும் பலர் பலவாறு கூறினர். 'டெர்பவர்' என்ற பெயரில் அறியப்படும் ஜேர்மானிய நிபுணர் ரோமன் ஹார்ட்டுங் இத்தகைய அட்டைகள் சிலவற்றைப் பெற்றுச் சோதித்தார். அட்டை கிடையாக இருக்கும்போது கொள்ளும் வெப்பமும் நிமிர்த்தியிருக்கும்போது கொள்ளும் வெப்பமும் வேறுபடுவதை அவர் கண்டார். பசையோ திருகாணியோ காரணமாயின், அட்டை எப்படி இருந்தாலென்ன? திசை மாறினாற் குணம் மாறுவது உள்ளே ஏதோ திரவம் ஓடுகின்ற உறுப்பாகத்தான் இருக்கவேண்டும். அவ்வுறுப்பு நீராவி அறை எனப்படும் தட்டையான செப்புப் பேழை. அதனுள் சிறிதளவு நீர் அடைக்கப்பட்டிருக்கும். சிப்பின் சூட்டில் அந்நீர் ஆவியாகிப் பரவி, குளிர்ந்த பக்கத்தில் மீண்டும் நீராகித் திரும்பி வரும். அந்தச் சுற்றோட்டம் தடைப்பட்டாற் செப்பு இருந்தும் பயனில்லை. 2023 ஜனவரியில் நிறுவனத்தின் சார்பில் ஸ்கொட் ஹேர்க்கல்மன் காரணத்தை ஒப்புக்கொண்டார்: ஒரு தொகுதி நீராவி அறைகளில் அடைக்கப்பட்ட நீர் போதாது. பாதிக்கப்பட்டோருக்கு மாற்று அட்டை கிடைத்தது. ஆயிரம் டொலர் பொருளைச் சில துளி நீர் முடக்கியது வியப்பே. அதனினும் கவனிக்கத்தக்கது ஆராய்ந்த முறை. வேறொன்றையும் மாற்றாது, ஒன்றை மாத்திரம் மாற்றிப் பார்த்தமையாலேதான் உண்மை வெளிப்பட்டது.

பழைய அட்டை வாங்குவோருக்கு வெப்பக் கவலை இன்னும் அதிகம். 2022 செப்டெம்பர் 15ஆம் திகதி எதீரியம் என்னும் மின்னாணயம் அட்டைகளைக் கொண்டு அகழும் முறையைக் கைவிட்டதும், இரவு பகலாய் ஓடிய அட்டைகள் பெருந்தொகையாகச் சந்தைக்கு வந்தன. அவை யாவும் கெட்டவை என்பது தவறு. ஆனால் அவற்றில் வெப்பம் கடத்தும் பசை காய்ந்தும், நினைவகத்தின் மேலுள்ள மெத்தைகள் நைந்தும் இருக்கக் கூடும். இவ்விரண்டையும் அனுபவமுள்ளவர் ஒருவர் மாற்றிக் கொடுத்தால் அட்டை மீண்டும் தன் வேகத்தைப் பெறுவதுண்டு. மெத்தையின் தடிப்பு மில்லிமீற்றர் கணக்கில் சரியாக இருத்தல் வேண்டும். தடித்துப் போனாற் சிப்பின்மேல் உலோகம் அமராது.

வெப்பம் குறைவாயிருந்தும் கடிகார வேகம் தாழ்ந்தே நின்றால், மின்வலுவைப் பார்க்கவேண்டும். துவாரம் கொடுப்பது 75 உவாற்று. ஆறு ஊசிச் செருகி மேலும் 75ஐயும், எட்டு ஊசிச் செருகி 150ஐயும் கொடுக்கும். செருகி முற்றாக அமர்ந்திருக்கின்றதா, இரண்டு செருகி கேட்கும் அட்டைக்கு ஒரே வயரில் இரண்டு தலைகளையும் மாட்டியிருக்கின்றதா என்பவை பார்க்கத்தக்கவை. மலிவான மின்வழங்கியின் மேல் எழுதிய உவாற்றை அப்படியே நம்பிவிடுதலும் ஆகாது.

ட்ரைவர் மென்பொருளைப் பற்றி அதிகஞ் சொல்ல வேண்டியதில்லை. என்விடியா அட்டையைக் கழற்றி ஏ.எம்.டி. அட்டையை இட்டவர், பழைய ட்ரைவரை முற்றாக நீக்கிவிட்டுப் புதியதை இடுதல் வேண்டும். புதிய பதிப்பு வந்த பின் வேகம் குறைந்தால் முந்திய பதிப்புக்குத் திரும்புவதிலும் தவறில்லை. பழுது விளையாட்டிலேயே இருப்பதும் உண்டு. 2015 ஜூன் மாதம் வந்த 'பாட்மன்: ஆர்க்கம் நைட்' என்னும் விளையாட்டின் கணினிப் பதிப்பு, சிறந்த அட்டைகளிலும் தடுமாறவே, வெளிவந்த சில நாட்களுக்குள் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டு அவ்வாண்டு ஒக்டோபரிலேயே மீண்டும் விற்பனைக்கு வந்தது. அந்நாட்களில் அட்டையைத் திருகிக்கொண்டிருந்தோர் பட்ட பாடு வீண். ஆதலால் ஒரே விளையாட்டை வைத்து முடிவு செய்யாது, இரண்டு மூன்றில் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். 'சைபர்பங்க் 2077' போன்ற சில விளையாட்டுக்களில் அளவெடுக்கும் ஓட்டம் ஒன்று உள்ளேயே அமைந்திருக்கின்றது. அதே அட்டை, அதே படவளவு, அதே தர அமைப்பு, ஏறக்குறைய அதே புரொசசர் உடைய மற்றொருவரின் எண்ணோடு ஒப்பிட்டால் ஐந்து வீத வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. முப்பது வீதம் என்றால் ஆராய இடமுண்டு.

இத்தனையும் பார்த்தபின்னரும் குறை நீங்கவில்லையெனில், அட்டையைக் கழற்றி நண்பர் ஒருவரின் கணினியில் இட்டு, அவருடைய அட்டையைத் தம் கணினியில் இட்டுப் பார்ப்பதே கடைசிச் சோதனை. குறை அட்டையோடு கூடவே சென்றால் அட்டைதான் குற்றவாளி. அப்போது கடைக்குச் செல்பவர் வெறுங்கையோடு செல்லாது, பயன்பாடு, கடிகார வேகம், இரு வெப்பநிலைகள், மின்வலு ஆகியவற்றை நிமிடத்துக்கு நிமிடம் குறித்த தாளையும், உத்தரவாதச் சீட்டையும், அட்டை வந்த பெட்டியையும் கொண்டு செல்லட்டும். 'போட்டுப் பார்த்தோம், படம் வருகின்றது, பழுதில்லை' என்று கடையில் மறுமொழி வருமாயின், அத்தாளைக் காட்டி, விளையாட்டை அரைமணி நேரம் ஓடவிட்டுப் பார்க்குமாறு கேட்கலாம்.